பாலத்துத் திருப்பம்

"யானை ஓடையத் தாண்டி மேல சோலைக்குள்ள ஏறிடுச்சு. விளக்க அணைச்சிடும்மா."

யானை நடமாட்டம் பார்க்கும் வாட்சர் போனை வைத்துவிட்டார்.

தவமணி அணைக்கவில்லை.

பாலத்துத் திருப்பத்தில், கம்பத்தின் உச்சியில் சிவப்பு விளக்கு எரிந்தால் பக்கத்தில் யானை இருக்கிறது என்று அர்த்தம். எஸ்டேட் ஆபீஸ் பின்னறையில் இருந்தபடியே ஆபீஸ் போன் மூலம் அதை எரிய விடலாம், அணைக்கலாம். தோட்டத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் முன்கூட்டியே செய்தி அனுப்பலாம்.

கணவன் செத்ததற்கு ஈடாக எஸ்டேட் அவளுக்குக் கொடுத்த வேலை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் விளக்கு கிடையாது. யானை வந்த செய்தி பீல்டு ஆபீசர் ஞானசிகாமணிக்கு மட்டும்தான் வரும். அவர்தான் ஆட்களுக்குச் சொல்ல வேண்டும். அன்று சொல்லவில்லை. அவள் கணவன் குழந்தைவேல் மருந்துத் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு, யானை நின்ற தேயிலைக்குள்ளேயே இறங்கிப் போனான்.

செய்தி வரவே இல்லை என்று விசாரணையில் சொல்லிவிட்டார் ஞானசிகாமணி.

இன்று சாயங்காலம் ஐந்தரை. மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது.

அவளுடைய போன் அடித்தது. ஞானசிகாமணிதான்.

"தவமணி, திருப்பத்துல நிக்கிறேன். விளக்கு எரியுது. எந்தப் பக்கம் நிக்குது?"

"கிட்டக்கதான் சார். பைக்க ஸ்டார்ட் பண்ணாதீங்க. அசையாதீங்க."

அவர் மூச்சு கேட்டது. அவர் பக்கம் எங்கோ ஒரு கிளை முறிந்தது. குரங்காக இருக்கும்.

அவருக்கு அப்படித் தோன்றவில்லை.

"வாட்சர வரச் சொல்லும்மா."

அவள் ஆபீஸ் போனைக் கையில் எடுத்தாள்.

"வேணும்னே பண்றியா?"

பனிக்குள் அவர் குரல் உடைந்தது.

"வந்துச்சும்மா. அன்னிக்குச் செய்தி வந்துச்சு. வேலை நின்னு போயிடுமேன்னு சொல்லாம விட்டுட்டேன். என்னைக் கொன்னுடாத."

ஆபீஸ் போனைத் தன் போனுக்குப் பக்கத்திலேயே பிடித்திருந்தாள். பேசியது முழுக்கப் பதிவாகியிருந்தது.

இதைக் கேட்டால் அழுகை வரும் என்று மூன்று வருஷமாக நினைத்திருந்தாள்.

வரவில்லை.

தோட்டத்து ஆட்களின் இருநூற்றுப் பதினான்கு எண்களுக்கும் அதை அனுப்பினாள். பிறகு விளக்கை அணைத்தாள்.

"யானை அப்பவே போயிடுச்சு சார். தைரியமா வீட்டுக்குப் போங்க."

வீட்டுக்குப் போக அவர் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயனைக் கடந்துதான் ஆக வேண்டும்.

லயனில் முதல் வீட்டில் ஒரு போன் அடித்தது. அடுத்த வீட்டில் ஒன்று. பிறகு வரிசை முழுக்க.

வீட்டுக்கு வீடு ஞானசிகாமணியின் குரல் கேட்டது.

ஒவ்வொன்றாகக் கதவுகள் திறந்தன.