பக்கத்து அறைச் சத்தம்

“சின்னவளைப் பாரு, உட்கார்ந்தா கை ஓயறதே இல்ல. நீதான் தண்ணி குடிக்கிற சாக்குல எழுந்து எழுந்து வர்றே” என்று மாமியார் சொன்னதும் மூத்த மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டு மருமகள்களுக்கும் வீட்டிலிருந்தே அலுவலக வேலை. நடுவில் ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் சின்னவளின் கீபோர்டு சோளம் பொரிவதுபோல் படபடத்துக்கொண்டே இருந்தது. ‘அவ நிறுத்தாம நான் நிறுத்தறதா?’ என்று மூத்தவளும் விரல் நோக அடித்தாள். மேலதிகாரி கூப்பிட்டுப் பாராட்டினார். அதுகூட இனிக்கவில்லை. ‘என்னையே இப்படின்னா, அவளை எங்கே தூக்கி வெச்சிருப்பாங்க!’

ஒரு மதியம் பொறுக்கமாட்டாமல் சின்னவளின் அறைக் கதவைத் திறந்துவிட்டாள்.

சின்னவள் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். சுவரோரம் வைத்திருந்த போனிலிருந்து கீபோர்டு சத்தம் வந்துகொண்டிருந்தது.

“அடிப்பாவி! என்னடி இது?”

சின்னவள் பதறி எழுந்தாள். “அக்கா, அத்தைகிட்ட சொல்லிடாதீங்க. என் வேலை மதியத்துக்குள்ளயே முடிஞ்சிடுது. சத்தம் நின்னா உடனே காய் நறுக்கக் கூப்பிடறாங்க. அதான் பதிவு பண்ணி ஓட விடறேன்.”

மூத்தவளுக்கு அப்போதும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. “அது கிடக்கட்டும். எப்படிடி இவ்வளவு வேகமா அடிக்கிறே?”

சின்னவள் அவசரமாகப் போனை அணைக்கக் கை நீட்டினாள். அவள் வாயைத் திறப்பதற்குள் போனே பதில் சொல்லிவிட்டது. படபடவென்ற சத்தத்துக்கு நடுவே, மூத்தவளின் சொந்தக் குரல் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தது:

“இந்த மகராசிக்குக் கை வலிக்கவே வலிக்காதா?”