நடுத்தோட்டம்

"வரப்புல இருந்து காலை எடுடா!"

செங்கோட்டையன் போட்ட சத்தத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் சிதறி ஓடின. மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்த ஆட்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள், அவர் கையிலிருந்த கொடுவாள் தம்பி கந்தப்பனின் இடது கையில் இறங்கிவிட்டது.

ரத்தம் வேட்டியெல்லாம் தெறித்தது. கந்தப்பன் மண்டியிட்டு விழுந்தான்.

"இன்னொரு வெட்டும் வெட்டுங்க. தம்பியக் கொன்னுபோட்டு மொத்தக் காட்டையும் நீங்களே உழுதுக்குங்க."

"உழுவேண்டா. உன்னப் பொதச்ச எடத்துல எருக் கொட்டி உழுவேன்."

சொல்லிக்கொண்டே நெஞ்சில் ஓர் உதை விட்டார். கந்தப்பன் மனைவி கமலவேணி மஞ்சளில் நனைத்த துணியோடு ஓடி வந்தாள். ஒரு கையால் கட்டுப் போட்டாள், மறு கையால் மண்ணை வாரி மூத்தார் முகத்தில் இறைத்தாள். நாலைந்து ஆட்கள் சேர்ந்துதான் செங்கோட்டையனை இழுத்துப் பிடிக்க முடிந்தது.

போலீசுக்குப் போகலாம் என்றார்கள். கந்தப்பன் மறுத்துவிட்டான். "வேண்டாமுங்க, பாகத்தைப் பிரிச்சுக் குடுத்தாப் போதும்."

மல்லசமுத்திரத்தை அடுத்த அந்த ஊர் அடுத்த வாரமே திரண்டு நின்று எல்லைக்கல் நட்டது. வடகாடு அண்ணனுக்கு, தென்காடு தம்பிக்கு. இரண்டுமே வானம் பார்த்த பூமி. நடுவில் கிடந்தது கிழவர் அர்த்தநாரியின் நாலு ஏக்கர் தோட்டம். வற்றாத கிணறும் கரண்டு மோட்டாரும் அதில்தான் இருந்தன. எழுபத்தேழில் அந்தப் பக்கம் மோட்டார் இருந்த தோட்டங்கள் குறைவு.

அதன்மேல் செங்கோட்டையனுக்குப் பல வருஷ ஆசை. அது கைக்கு வந்தால் மூன்றும் ஒரே பண்ணையாகும், முழுக்கக் கரும்பு வைக்கலாம். முன்பு விலைக்குக் கேட்டு, கிடைக்காத ஆத்திரத்தில் அர்த்தநாரியின் எருதுக் காலைக் கடப்பாரையால் அடித்து முறித்தார். அன்றிலிருந்து, தோட்டம் தரிசாகக் கிடந்தாலும் கிடக்கட்டும், செங்கோட்டையனுக்குத் தருவதில்லை என்று அர்த்தநாரி உறுதியாக இருந்தார்.

இப்போது அவர் ஆத்தூரில் மகளோடு போய் இருக்க வேண்டிய நிலை. தோட்டத்தை விற்றாக வேண்டும். கையில் கட்டோடு திரிந்த கந்தப்பனைக் கூப்பிட்டார்.

"நீ வாங்கிக்க சாமி. உங்கொண்ணன் தண்ணியில்லாமக் காயோணும். நீ அவன் கண்ணு முன்னால கரும்பு வெட்டோணும். எனக்கு அது போதும்."

"பணத்துக்கு மாமனார் ஊட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரனுங்க," என்றான் கந்தப்பன்.

பத்து நாளில் கந்தப்பன் பேரில் பத்திரம் பதிவானது. அர்த்தநாரி ஆத்தூர் பஸ் ஏறினார்.

மறுநாள் உச்சி வெயிலில், தோளில் மண்வெட்டியோடு செங்கோட்டையன் நடுத்தோட்டத்துக்குள் நுழைந்தார். மடையருகே கந்தப்பன் மட்டும் நின்றான். பக்கத்துக் காட்டில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தாலும் உயர்ந்து நின்ற சோளம் மறைத்தது.

செங்கோட்டையன் சுற்றிலும் பார்த்துவிட்டு மெல்லச் சிரித்தார்.

"கெழவன் தொலைஞ்சானா? நாம ஆடுன ஆட்டத்துல ஊரே ஏமாந்து போச்சு பாத்தியாடா. வா, வரப்பை வெட்டி மூணு காட்டையும் ஒண்ணாக்கீரலாம். நாளைக்கே பத்திரத்தை எம் பேருக்கு மாத்திக் குடுத்துரு."

"தோல்ல ஒரு கீறல் போட்டாப் போதும்னுதானுங்களே பேசுனோம்?" கந்தப்பன் இடது கையை நீட்டினான். கட்டுக்கு வெளியே விறைத்து நின்ற விரல்களில் இரண்டு மடங்கவில்லை.

"ஊரு நம்போணுமில்ல? ரெண்டு வெரலு போனாப் போவுது, நாலு ஏக்கரா வந்துச்சில்ல."

"ரெண்டு பேரு பேர்லயும் எழுதிக்கலாம்னு சொன்னீங்களே."

"உங்கண்ணி நகைய வித்த பணம் பூராவும் இந்த மண்ணுக்குள்ள கெடக்குது. உனக்கு என்னடா பேரு? எப்பவும் போலப் பாடுபடு, சோறு போடறேன்."

கந்தப்பன் கைக்கட்டைப் பல்லால் கடித்து அவிழ்க்கத் தொடங்கினான்.

செங்கோட்டையன் அதைக் கவனிக்காமல் மண்வெட்டியை ஓங்கி வரப்பில் போட்டார். மண் பெயர்ந்து தெறித்தது. அடுத்த போட்டுக்கு ஓங்கியபோது கந்தப்பன் அவர் காலடியில் மல்லாந்து விழுந்தான். ஆறாத புண்ணை எல்லைக்கல்லில் வைத்து அழுத்தித் தேய்த்தான். புண் வாய் பிளந்து, ரத்தம் கொப்பளித்து வழிந்தது.

"டேய், என்னடா பண்றே?" ஓங்கிய மண்வெட்டி ஓங்கியபடியே நின்றது.

கந்தப்பன் ரத்தக் கையை முகத்தில் அப்பிக்கொண்டு, சோளக்காட்டுப் பக்கம் திரும்பி அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"ஓடியாங்க, எங்கண்ணன் மறுக்கா என்னை வெட்டறாருங்க!"