செம்புக் குழாய்

1996 ஆகஸ்ட் 9, காலை பத்தேகால். மலைச்சாலையின் ஏழாவது வளைவில் ஒரு கார் இருபதடிப் பள்ளத்தில் விழுந்தது. ஓட்டிய பேங்க் மேனேஜர் பிழைத்தார்; பக்கத்து சீட்டில் இருந்த அவர் மனைவி இறந்தார். காரை மேலே தூக்கியபோது பிரேக் குழாய் பிய்ந்திருந்தது.

"மிதிச்சேன். பெடல் தரை வரைக்கும் போச்சு. வண்டி நிக்கல" என்றார் மேனேஜர் கோர்ட்டில்.

துருப்பிடித்த இரும்புக் குழாயை எடுத்துவிட்டு, வளைக்கச் சுலபம் என்று செம்புக் குழாய் போட்டுக்கொடுத்த மெக்கானிக் எட்டு மாதம் உள்ளே இருந்தார். வெளியே வந்தபின் எஞ்சின் வேலை மட்டும்தான், பிரேக்கைத் தொடவில்லை. எந்த வண்டி ஷெட்டுக்குள் வந்தாலும், பக்கத்து சீட்டை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பானெட்டைத் திறப்பார்.

இருபத்தெட்டு வருஷம் கழித்து அதே காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பின்னாலேயே கைத்தடியுடன் மேனேஜர்.

"பாடி, எஞ்சின், பெயின்ட், சீட்டு எல்லாம் முடிஞ்சுது. பிரேக் ஒண்ணுதான் பாக்கி. நீ போட்டதை நீயே எடு."

மெக்கானிக்கின் மனைவி கொதித்தாள். "போயும் போயும் அந்த ஆளோட வண்டியையா தொடப் போறீங்க?"

"ஒரு தடவை சரியா மாட்டிட்டேன்னா, செத்துப்போன அந்தம்மா என்னை விட்ருவாங்கடி."

மறுநாள் மெக்கானிக், மேனேஜர் முன்னால் மேஜைமேல் இரண்டு குழாய்த் துண்டுகளை வைத்தார்.

"இது நிக்கல் கலந்த செம்பு சார். துருப்பிடிக்காது, அதிர்வுல விரிசல் விடாது. உங்களையும் என்னையும் வழியனுப்பிட்டுத்தான் இது போகும்."

"செம்புங்கிற பேச்சே வேணாம்."

"வெறும் செம்பு வேற, இது வேற சார்."

"அன்னிக்கும் நல்லதுன்னுதான்யா சொன்னே."

மெக்கானிக் அந்தத் துண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். "அப்போ இரும்பு. துருப்பிடிச்சாலும் கண்ணுக்குத் தெரியும். செம்பு மாதிரி சொல்லாமக் கொள்ளாமப் போகாது."

இரும்பு லேசில் வளையவில்லை. நான்கு குழாயை வளைத்து மாட்ட மூன்று நாள் ஆனது. இணைப்பில் கசியாதிருக்க ஒவ்வொரு முனையையும் இரண்டு முறை விரித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

கடைசியாக பிரேக் ஆயில் ஊற்றிக் காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் பெடலை மிதிக்க, ஒருவர் சக்கரத்தடியில் நிப்பிளைத் திறந்து மூட.

"நானே மிதிக்கிறேன்" என்றார் மேனேஜர். அந்த சீட்டில் அவர் உட்கார்ந்து இருபத்தெட்டு வருஷம். பக்கத்து சீட்டின் பக்கம் திரும்பாமல், ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

மெக்கானிக் பின்சக்கரத்தடியில் படுத்தார். "மிதிங்க சார்."

"மிதிச்சாச்சு."

நிப்பிளைத் திறந்தார். ஒரு குமிழிகூட வரவில்லை.

"விட்டுட்டு மறுபடி மிதிங்க."

"மிதிச்சுட்டுத்தான்யா இருக்கேன்! என்ன லட்சணத்துல மாட்டியிருக்கே?"

மெக்கானிக் ஊர்ந்து ஊர்ந்து ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவினார். எல்லாம் காய்ந்திருந்தன. ஒரு சொட்டுக் கசிவு இல்லை.

"இன்னொரு தடவை சார். நல்லா அழுத்தி."

அப்போதுதான் முன்பக்கமிருந்து பெட்ரோல் வாசனை வந்தது. எஞ்சினை யாரும் தொடவில்லை. அவர் வெளியே ஊர்ந்து வந்து, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து உள்ளே குனிந்தார்.

"சார்" என்றார் மெதுவாக. "உங்க கால் ஆக்சிலரேட்டர்ல இருக்கு."

மேனேஜர் கீழே பார்த்தார். காலை எடுக்கவில்லை.

"அன்னிக்கும் இதைத்தான் மிதிச்சேன்."