மலை இறங்காத ஜீப்

“ஏனுங்கண்ணா, இன்னைக்கு என்னங்க ஆச்சு?” என்று கேட்கும்போதே முருகானந்தத்துக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியிருந்தது.

ராசிபுரத்திலிருந்து பஸ் மாறி, கொண்டை ஊசி வளைவுகளில் மலை ஏறி, ஜீப்பை வாங்க வந்து சேர்ந்திருந்தான். போன வாரம் வந்தபோது ஜீப்பின் டயர் பஞ்சர். இன்றைக்கு வண்டி கழுவித் துடைத்து வாசலில் பளிச்சென்று நின்றது. ஆனால் அதை விற்க வேண்டிய சின்னுசாமி, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டுப் புல்லைத் துழாவிக்கொண்டிருந்தார்.

“லிங்க் பின்னைக் காணோம் தம்பி. ரெண்டு பக்கத்ததும் காணோம்.”

முருகானந்தம் தலையில் கை வைத்துக்கொண்டான். அந்தப் பின்னுக்காகத்தான் அவன் இந்த ஜீப்பையே விரும்பினான். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்ள முன்னால் ஒரு கம்பி இருக்கும். ஸ்வே பார் என்பார்கள். தார் ரோட்டில் அது இல்லாமல் ஆகாது. பாறைத் தடத்திலோ அதுவே தொல்லை, சக்கரத்தை மேடுபள்ளத்துக்குத் தக்கபடி ஏறி இறங்க விடாது. சின்னுசாமியின் ஜீப்பில் அந்தக் கம்பியைக் கழற்ற ஸ்பேனரே வேண்டாம். பக்கத்துக்கு ஒரு பின். உருவினால் கம்பியைச் சக்கரத்தோடு இணைக்கும் லிங்க் விடுபடும், செருகினால் பூட்டிக்கொள்ளும். ஓடையைத் தாண்டித் தோட்டம் வைத்திருக்கும் முருகானந்தம் இப்படி ஒரு வண்டியைத்தான் ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்தான்.

“நேத்து மொளகுக் காட்டுக்குப் போறப்ப உருவுனீங்களே, எங்க வெச்சீங்க?” என்றபடி உள்ளேயிருந்து வந்தாள் சின்னுசாமியின் மனைவி பெருமாயி.

“டேஷ்போர்டு பெட்டியிலதான் புள்ள வெச்சேன்.”

“வெச்சது றெக்கை மொளச்சுப் பறந்துருச்சா? பாருங்க தம்பி, இந்த மனுசனோட இதே ரோதனை! முட்டி தேஞ்சு கெடக்குது, குனியக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இவரு என்னடான்னா பின்னு உருவறேன், பின்னு மாட்டறேன்னு தெனமும் வண்டிக்கடியில படுத்து எந்திரிக்கறாரு. அதான் காடு வரைக்கும் சிமெண்டு ரோடு போட்டுட்டாங்களே, இனி இந்த ஓட்டை வண்டி எதுக்கு? வித்துத் தொலைங்கன்னு நானும் தொண்டைத்தண்ணி வத்தக் கத்தறேன்.”

சின்னுசாமி சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் தேடினார். தார்ப்பாயை உதறினார். முருகானந்தமும் பொறுக்கமாட்டாமல், வெள்ளைச் சட்டையோடு வண்டிக்கு அடியில் நுழைந்தான். முதுகெல்லாம் செம்மண் அப்பியதுதான் மிச்சம்.

“ரெண்டு பக்கமும் போல்ட்டைப் போட்டு முறுக்கிட்டுப் போயிடறேனுங்கண்ணா.”

“அளவு சேராதுங்க தம்பி. பாதி வளைவுல ஒடிஞ்சிரும்.”

“சரி, கம்பி இல்லாமயே மெதுவா உருட்டிட்டுப் போறேன்.”

“வேண்டவே வேண்டாம். வளைவுக்கு வளைவு சாயும். ஒங்களுக்கு மலை ரோடு பழக்கமில்ல. எங்கூட்டு வாசல்ல இருந்து எறக்கி வுட்டுட்டு நான் எப்படித் தூங்கறது?”

“கயித்தைப் போட்டுக் கட்டியாச்சும் அனுப்பி வுடுங்க!” என்றாள் பெருமாயி. “தம்பி எத்தனை தடவதான் வருவாரு? எனக்கே மானம் போகுது.”

“கயித்துல கட்டறதுக்கு இது என்ன, ஆட்டுக்குட்டியா?”

“நீங்க பேசாதீங்க! வெச்ச பொருளை வெச்ச எடத்துல பார்க்கத் தெரியாதவருக்கு வாய் மட்டும் கொறச்சலில்ல.”

புருஷனும் பெண்டாட்டியும் கத்திக்கொண்டே போக, முருகானந்தத்தின் பொறுமை அறுந்தது.

“போதுமுங்க. எனக்கு இந்த வண்டியே வேண்டாம்.”

காபி குடித்துவிட்டாவது போகச் சொல்லிப் பெருமாயி கெஞ்சினாள். அவன் காதில் வாங்காமல் சரிவில் இறங்கி, கீழே பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து நின்றான். இதற்காகத் தோட்ட வேலையைப் போட்டுவிட்டு வந்ததை நினைக்க நினைக்க ஆத்திரம் பொங்கியது.

பின்னாலேயே மூச்சிரைக்க வந்தார் சின்னுசாமி. மேலே வீட்டுப் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

ஒரு பின்!

“மன்னிச்சுக்குங்க தம்பி. நான்தான் ஒளிச்சு வெச்சேன்.”

“ஏனுங்க, என்னைப் பார்த்தா கிறுக்கனாட்டத் தெரியுதுங்களா?”

“கோவப்படாதீங்க. இதை வாங்குன நாள்ல இருந்து மொளகு மூட்டை, பலாப்பழம், எங்க நல்லது கெட்டது எல்லாம் இதுலதான். குடுக்கறதுக்கு மனசு வரலீங்க. அவ வித்தே ஆகோணும்னு ஒத்தக் கால்ல நிக்கறா. எனக்காகச் சொல்றவகிட்ட மாட்டேன்னு எப்படிச் சொல்றது? நீங்களா வேண்டாம்னு போயிட்டா நல்லதுன்னு நெனச்சுட்டேன்.”

அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும், திட்ட வாயெடுத்த முருகானந்தம் குரலைத் தணித்துக்கொண்டான்.

“அதை மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமுங்களே. இன்னொரு பின்னு எங்க?”

“அதுதாங்க எனக்கும் வெளங்கல. ஒண்ணு இல்லீன்னாலே வண்டி எறங்காதுன்னு நான் ஒண்ணைத்தான் எடுத்தேன். இன்னொண்ணு நெசமாலுமே காணோம்!”

முருகானந்தம் திரும்பி மேலே பார்த்தான்.

வாசலில் அக்கம்பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, பெருமாயி இடுப்புச் செருகலிலிருந்து எதையோ எடுத்து, ஜீப்பை வாஞ்சையாகத் தடவிவிட்டு, அதன் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து லிங்க்கில் மாட்டிக்கொண்டிருந்தாள்.