கொடியில் ஜமுக்காளம்

செடி வாடினால் தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டம்மாள் மிளகாய் சுற்றிப் போட்டாள்.

"கொள்ளிக் கண்ணு. அதுவும் செவுத்துக்கு அந்தாண்ட இருக்கிற கண்ணு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவள் கமலாட்சி. பட்டம்மாளின் கொழுந்தன் பெண்டாட்டி. பிள்ளையார்பாளையத்தில் அண்ணன் தம்பி இருவரும் ஒரே வீட்டில் நடுச்சுவர் எழுப்பிப் பாகம் பிரித்துக்கொண்டு, ஆளுக்கொரு பட்டுத்தறி போட்டுப் பிழைத்தார்கள். வாசலும், வாசலில் துணி காயப்போடும் கொடிக்கயிறும் மட்டும் பொது. பாகம் பிரித்த பெரியவர்களுக்குச் சாப்பாட்டு அவசரம். கயிற்றை மறந்துவிட்டுப் போய்விட்டார்கள்.

கமலாட்சி என்றால் பட்டம்மாளுக்கு வயிறு எரியும். அவள் புருஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கோத்துக் கொடுத்த புடவைக் கரை நேர்த்தி என்பார்கள். அவள் வைத்த குழம்பு வாசனை என்பார்கள். மாகறலிலிருந்து, இருவரும் அண்ணி என்று கூப்பிடும் நாத்தனார் ரேணுகாம்பாள் வந்தால், முதலில் கை நனைப்பது கமலாட்சி வீட்டில். இத்தனைக்கும் மூத்த மருமகள் பட்டம்மாள்.

பட்டம்மாளிடம் இருப்பதில் கமலாட்சியிடம் இல்லாதது ஒன்றே ஒன்று. அந்தச் செடி.

ஆஸ்பத்திரித் துரைசானியின் பங்களாவில் கிளை கேட்டு வாங்கி வந்து வைத்தது. ஊமத்தை ஜாதிதான். ஆனால் பூ மேலே பார்க்காது. கோயில் எக்காளத்தைக் கவிழ்த்துவிட்ட மாதிரி, சாண் நீளத்துக்குத் தொங்கும். பொழுது சாய்ந்தால் தெருமுனைவரை மணக்கும். தின்றால் பைத்தியம் பிடிக்கும், ஜாக்கிரதை என்று துரைசானி சொல்லித்தான் கொடுத்தாள். பார்க்கிறவளுக்கே பிடிக்கட்டும் என்று பட்டம்மாள் நினைத்துக்கொண்டாள்.

பின்கட்டுக் கிணற்றடியில், முருங்கை நிழலில், தொட்டியில் நன்றாகத்தான் வளர்ந்தது. அங்கே பூத்தால் யார் பார்ப்பார்கள்? தொட்டியை வாசலுக்கு இழுத்து வந்தாள். மேற்குப் பார்த்த வாசல். பங்குனி மாசம். உத்திரத்துக்கு நாத்தனார் வரும்போது மொட்டெல்லாம் விரிந்திருக்க வேண்டும், கமலாட்சியின் முகம் சுருங்க வேண்டும். இதுதான் அவள் போட்ட கணக்கு.

சுருங்கியது செடி.

கழுநீர் ஊற்றினாள். சாணியைக் கரைத்து ஊற்றினாள். பிய்ந்த செருப்பைக் கிளையில் கட்டினாள். இலைகள் தொங்கினது தொங்கினபடி.

கமலாட்சி எட்டிப் பார்த்து, "யக்கா, அந்தத் தொட்டிய..." என்று ஆரம்பித்தாள்.

"உன் ஊட்டு வேலையப் பாத்துக்கினு போ" என்று பட்டம்மாள் வெட்டிவிட்டாள்.

மறுநாள் உச்சி சாய்ந்ததும் கமலாட்சி ஒரு ஜமுக்காளத்தைச் சொட்டச் சொட்ட நனைத்து எடுத்து வந்து கொடியில் போட்டாள். சரியாகச் செடிக்கும் தெருவுக்கும் நடுவில். தெருவில் போகிறவர்களுக்குச் செடி இருப்பதே தெரியவில்லை.

பட்டம்மாளுக்கு விளங்கிவிட்டது. நேரே புருஷன் கைலாசத்திடம் போனாள். உன் தம்பி பெண்டாட்டி பொறாமையில் செடியை மறைக்கிறாள், போய்க் கேள் என்றாள். அவர் தறியை விட்டு எழவில்லை. கயிறு பொதுவாயிற்றே என்றார்.

அதிலிருந்து தினமும் ஜமுக்காளம். எவளாவது தினம் ஜமுக்காளம் துவைப்பாளா என்று போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்டாள். கமலாட்சிக்குப் பிறந்த வீட்டுச் சீராக வந்த சிவப்பு ஜமுக்காளம் அது. வெயிலில் வெளுத்துக்கொண்டே வந்தது. பட்டம்மாளுக்கு அதில் மட்டும் கொஞ்சம் ஆறுதல்.

இதற்கு நடுவில் செடி நிமிர்ந்தது. தளிர் விட்டது. மொட்டு இறங்கியது. செருப்பு வேலை செய்கிறது என்று பட்டம்மாள் இன்னொரு செருப்பையும் கட்டினாள்.

உத்திரத்தன்று காலையில் நாத்தனாரின் வண்டி வந்து நின்றது. பூ கொத்துக் கொத்தாய்த் தொங்கியது. ரேணுகாம்பாள் மூக்கின்மேல் விரலை வைத்தாள். பட்டம்மாளுக்கு உச்சி குளிர்ந்தது. நாத்தனார் அன்றைக்கு முதலில் கை நனைத்தது அவள் வீட்டில்.

சாயங்காலம் ஏகாம்பரநாதர் உற்சவத்துக்குப் போகிற கூட்டமெல்லாம் அந்தத் தெரு வழியாகத்தான் போகும். அப்போதும் ஜமுக்காளம் தொங்கினால்? மத்தியானம் கமலாட்சி போட்டுவிட்டு உள்ளே போனதும், பட்டம்மாள் அதைப் பிடுங்கி அவள் வாசற்படியில் எறிந்தாள். விழுந்து புரண்டபோது பார்த்தாள். தெருப் பக்கம் சாம்பலாய் வெளிறிக் கிடந்தது. செடிப் பக்கம் புதுசுபோலச் சிவப்பு. வேண்டும் அவளுக்கு என்று உள்ளே போய்விட்டாள்.

நாத்தனார் சற்றுக் கண்ணயர்ந்து எழுந்ததும் பட்டம்மாள் அவளை வாசலுக்கு அழைத்து வந்தாள். இலையெல்லாம் துவண்டு கிடந்தது. பூக்கள் பிழிந்த துணியாய்த் தொங்கின.

"பாத்தியா அண்ணி? நல்ல நாளும் அதுவுமா கண்ணு வச்சிட்டா." பட்டம்மாள் நடுச்சுவரைப் பார்த்துக் கத்தினாள்.

சத்தம் கேட்டு வந்த கமலாட்சி படியில் கிடந்த ஜமுக்காளத்தை எடுத்தாள். தண்ணீரில் முக்கினாள். கொடியில் விரித்து, செடியின்மேல் பொட்டு வெயில் விழாதபடி ஓரத்தை இழுத்துவிட்டாள். தொட்டியில் ஒரு குடம் ஊற்றினாள்.

ரேணுகாம்பாள் ஜமுக்காளத்துக்கு அந்தப் பக்கம் கையை நீட்டினாள். சுட்டது. இந்தப் பக்கம் நீட்டினாள். குளுகுளுவென்று இருந்தது. பட்டம்மாளை ஒரு பார்வை பார்த்தாள். பட்டம்மாள் தரையைப் பார்த்தாள்.

"ஏண்டி கமலாட்சி, செடிய நெழல்ல வையின்னு வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னாடி? இவ்ளோ நாளா ஜமுக்காளத்தப் பாழாக்கிக்கினு இருக்கிறியே."

கமலாட்சி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"நான் நெழல்ல வையின்னு சொல்லியிருந்தா, அக்கா இன்னேரம் அத கூரை மேல ஏத்தியிருக்கும் அண்ணி."