யாருக்கும் தெரியாத நிருஷா

கிரான் ஊரில் இராணுவ ஜீப்பை நிறுத்தி இறங்கிய ஆமி அதிகாரி, வாசலில் நின்ற சின்னத்தங்கத்திடம் கேட்டார்.

"பக்கத்து வீட்டு நிருஷாவைத் தெரியுமா?"

"அப்படி ஒருத்தரையும் தெரியாது சேர்."

அடுத்த வீட்டு அழகரத்தினமும் அதையே சொன்னார். ஜீப் போய்விட்டது.

வட்டையில் வயல் வேலை முடித்துத் திரும்பிய நிருஷாவின் தாய் அஜந்தாவின் கையைச் சின்னத்தங்கம் பிடித்துக்கொண்டாள்.

"பயப்பிடாத தங்கச்சி. உன்ட மகளைத் தேடி ஆமி வந்தது. நாங்க ஒருத்தரும் வாய் திறக்கல்ல. பிள்ள கொழும்பு கார்மென்ட்ஸில வேலைதானே?"

அஜந்தா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

"அது பொய் அக்கா. ஊர் என்ன சொல்லுமோ எண்டு மறைச்சன். அவள் ஆமியிலதான் இரிக்காள். சிப்பாயாச் சேர்ந்தவள், இப்ப அதிகாரிப் பயிற்சிக்குப் பேர் போயிரிக்கு. நல்ல பிள்ளையா எண்டு அயலில விசாரிக்கத்தான் வந்திரிக்காங்க!"

சின்னத்தங்கம் ஜீப் போன பக்கம் எட்டிப் பார்த்தாள். அதற்குள் சந்தி வரை போன ஜீப் திரும்பி வந்தது. அதிகாரி சிரித்தபடி இறங்கினார்.

"நான் ஏறாவூர் ஆள்தான். ஆமியைக் கண்ட பயத்தில எங்கட உம்மாவும் இப்பிடித்தான் சொல்லியிருப்பா. இப்ப சொல்லுங்க, நிருஷா எப்படிப்பட்ட பிள்ளை?"

"தங்கம் சேர்! நான் தூக்கி வளர்த்த பிள்ளை!" என்றாள் சின்னத்தங்கம்.

"படிப்பிலயும் கெட்டிக்காரி!" என்று வேலிக்கு மேலால் கத்தினார் அழகரத்தினம்.

ஒழுங்கைச் சனமே ஜீப்பைச் சூழ்ந்துகொண்டது. எல்லோருக்கும் நிருஷாவைத் தெரிந்திருந்தது.