ஒரே குழி

மிக்கேலுக்குத் தசை கரையும் நோய் வந்தபோது, புரதத்தைச் செரிக்கும் நொதியைக் கட்டிப்போடுகிற ஈஸ்ட் மரபணு ஒன்றை ஊசியில் ஏற்றினார்கள். கரைவது நின்றது. என்ன பிரயோஜனம்? மறு வருடமே, முப்பத்தைந்து வயதில், மாரடைப்பு வந்து ஆளைக் கொண்டுபோய்விட்டது.

அவர் மனைவி ரோசலின், தலை முழுக்க நரைத்த பிறகும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்: "என்னைய அவருகூடத்தான் போடணும்." தூத்துக்குடிக் கல்லறைத் தோட்டத்தில் அது வழக்கம்தான். பழைய குழியைத் தோண்டி, மிஞ்சிய எலும்பைத் துணியில் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, அடுத்தவரை அதிலேயே இறக்குவார்கள்.

இப்போது அவளும் போய்விட்டாள். அப்பாவின் எலும்பைக் கட்டுவதற்கென்று, மகள் பிரகாசி அம்மாவின் கல்யாணச் சேலையை மார்போடு அணைத்தபடி நின்றாள்.

குழி வெட்டிக்கொண்டிருந்த சிலுவை பாதியில் மேலே ஏறி வந்தான்.

"துணி வேண்டாம்க்கா. ஆளு அப்படியே கெடக்காரு. இன்னொரு பெட்டி எங்க எறக்க?"

பிரகாசி எட்டிப் பார்த்தாள். பெட்டிப் பலகை மக்கிப்போயிருந்தது. அப்பா மக்கவில்லை. மீசையில் ஒரு நரைகூட இல்லை. அந்த மரபணு இன்னும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்பான்னு சொன்னிய. ஒங்க தம்பி மாதிரில்லா இருக்காரு" என்றான் சிலுவை.

"அம்மைக்கு வேற எடம் பாருய்யா" என்றாள் அவள்.

பிறகு குழிக்குள் இறங்கி, சேலையை விரித்து அவர் கழுத்துவரை போர்த்திவிட்டாள்.

"அம்மை வந்துட்டாப்பா. எடமில்ல."